கறுப்புக்குள் நின்றவர்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும்.

“அம்மா போட்டோ கிடைச்சிருச்சுடா. உன் போட்டோவுக்குள்ளயே இருந்திருக்காங்க,” என்றார் அக்கா.

“எந்தப் போட்டோ?”

“சின்ன வயசுல உன்னை எடுத்து, அப்பாவே வீட்ல டார்க்ரூம்ல பிரிண்ட் போட்டாரே, அது. நெகட்டிவை ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல இருட்டைக் குறைச்சேன். உனக்குப் பின்னாடி வாசப்படியில நிக்கிறாங்க. சிரிக்கிறாங்க.”

“செத்தன்னைக்கு மாலை போட ஒரு படம்கூட இல்லாம தவிச்சோமே. அப்பாகிட்ட காட்டினியா?”

“காட்டினேன். ‘அவ நின்னது தெரியும். பின்னாடி முழுக்கக் கறுப்பா இருந்தா புள்ள முகம் எடுப்பாத் தெரியும்னு நான்தான் பிரிண்ட் போடறப்ப கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினேன்’னாரு. ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், ‘கூப்பிட்டிருந்தா முன்னாடி வந்து நின்னிருப்பா’ன்னாரு.”