எந்த ஓரிரு இடம்?

“அகரம் ஒரு எடமா, இல்லையா? அதை மொதல்ல சொல்லச் சொல்லு!”

புரட்டாசி வெயிலில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், எனக்கு முன்னால் நின்ற விவசாயி, தன் பக்கத்தில் கடலை மூட்டையோடு நின்ற அம்மாளிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

“‘ஓரிரு இடங்களில் மழை பெய்யும்’னு பஞ்சாயத்து ரேடியோ தெனமும் கத்துது, தாயி. நம்பிச் சோளம் வெதச்சேன். எங்க அகரத்துல ஒரு சொட்டு விழுகல. வெதை அம்புட்டையும் எறும்பு தூக்கிட்டுப் போயிருச்சு. எங்கதேன் பெய்யுதாம்?”

அந்த அம்மாள் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு கடலையை எடுத்து உரித்துக் காட்டினார். பருப்பு முளைவிட்டிருந்தது.

“நானுந்தேன் ரேடியோ கேட்டேன். ஓரிரு எடந்தானே, நமக்கா வரப்போகுதுன்னு வடமதுரையில கடலையைக் களத்துலயே காயப் போட்டுட்டுப் படுத்தேன். அந்தப் பாவி சொன்ன எடம் எங்க களந்தேண்ணே!”