ஆறு மாத வெயிலை எண்ணிய ஐலா ரௌத்தியோ அவர்களுக்கு

இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் புகைப்படப் பள்ளியின் இருட்டறையில் இருந்துகொண்டு வெளிச்சத்தை விசாரித்து, இன்று ஓய்வு பெறும் ஆய்வகப் பொறுப்பாளர், அம்மையீர் ஐலா ரௌத்தியோ அவர்களே, வணக்கம்.

இந்த மடலை எழுதும் வேலை எனக்கு வந்தது. சுருக்கமாக எழுதுவேன் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார்கள்.

நிலா வெளிச்சத்தில் தாள் கறுக்குமா, பீட்ரூட் சாற்றில் படம் விழுமா, சவுனா என்னும் வெந்நீராவிக் குளியலறையில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். "பாத்துருவோமே" என்பீர்கள். அப்படிப் பார்த்ததில் ஒருமுறை ஒரு பெட்டித் தாள் முழுவதும் வீணானது. வீணானதையும் தேதி போட்டு வைத்தீர்கள்.

பீர் டப்பாவில் ஊசித் துளையிட்டு, உள்ளே புகைப்படத் தாளைச் சுருட்டி வைத்து, ஆறு மாதம் வெயிலில் விட்டுவிடுவது உங்களுக்கு மிகவும் பிடித்த சோதனை. சூரியன் நாளுக்கு ஒரு கோடு போடும். மேகம் வந்த நேரத்தில் கோடு அறுந்துபோகும். பாலத்துக் கம்பியில் நீங்கள் கட்டிய டப்பாவை வெடிகுண்டென்று நினைத்து யாரோ போலீஸைக் கூப்பிட்டார்கள். நீங்கள் ஓடிப்போய், "அதத் தொடாதீங்க சார், இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கு" என்றீர்கள். பாலம் நான்கு மணி நேரம் மூடப்பட்டது. கட்டடத்தைப் பராமரிக்கும் பெந்தி இன்றுவரை உங்களை விடவில்லை: "அக்கா, இந்த டப்பாவுல எத்தன நாள் பாக்கி? நான் லீவு போடணும்."

என் மனைவி வென்லா உங்கள் மாணவி. போன ஜூனில் எங்கள் பால்கனியில் ஒரு டப்பா கட்டினாள். செப்டம்பர் ஒன்பதாம் தேதி இறந்துபோனாள். டிசம்பரில் நான் அதை அவிழ்த்து, துளையை டேப் ஒட்டி மூடி, மேசை இழுப்பறையில் போட்டேன். அந்தத் தாளை ஒருமுறைதான் ஸ்கேன் செய்ய முடியும்; ஸ்கேனரின் வெளிச்சமே அதைக் கெடுத்துவிடும். அவள் கடைசியாகத் தொடங்கிய படம் அது. அந்த ஒருமுறையை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நீங்கள் ஏப்ரலில் வந்து, "ஏரோ, அதுல என்ன இருக்குன்னு எனக்குப் பாக்கணும்பா. உள்ள பூஞ்சை புடிச்சா போச்சு. நீ பாக்க வேணாம்" என்றீர்கள்.

கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காப்பிக் கோப்பையோடு வந்தீர்கள். "வென்லா இல்ல. ஆறு மாசப் படத்துல நடமாடுற ஆளு பதியாது, உனக்கே தெரியும். ஆனா செப்டம்பர்ல கோடெல்லாம் தள்ளித் தள்ளி விழும், எண்ணிட்டேன். ஒம்பதாந் தேதி காலைல மூட்டம். ரெண்டு மணிக்கு மேல நல்ல வெயில்." சொல்லிவிட்டு இருட்டறைத் தட்டுகளைக் கழுவப் போனீர்கள்.

அன்று நான் மருத்துவமனையில், ஜன்னல் இல்லாத நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வென்லா மூன்று மணிக்குப் போனாள். வெளியே வெயிலா மழையா என்று எனக்குத் தெரியாது. உங்கள் பின்னாலேயே வந்து, "எது வரைக்கும் வெயில் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எதிர்வீட்டுக் கூரை மறைக்கிற வரைக்கும்."

ஏழு மாதங்களில் நான் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

இன்று காலை பள்ளிக் கூரையில் உங்கள் பெயரெழுதிய டப்பா ஒன்றைக் கட்டியிருக்கிறோம். தூக்கி எறியமாட்டேன் என்று பெந்தி எழுதிக் கொடுத்திருக்கிறார். டிசம்பர் இருபத்தொன்றில் அதைத் திறக்க நீங்கள் வர வேண்டும். அடுத்த ஜூனில் அடுத்ததை. இப்படியே பல்லாண்டு, கண் தெளிவோடும் ஏணி ஏறும் தெம்போடும் நீங்கள் நலமாக இருக்க வாழ்த்துகிறோம்.

அப்படியே என் பால்கனிக்கும் வாருங்கள். நேற்று நானும் ஒன்று கட்டினேன். துளை சரியாக விழுந்ததா என்று தெரியவில்லை. பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்கள், ஆய்வகப் பணியாளர்கள், பெந்தி
எழுதியவர்: ஏரோ