பீடிக் கறையில்லை

ராஜபாளையத்தில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டது இது.

“அண்ணன் பீடியே குடிச்சதில்லையாம்ட்டி. ஒதட்டுல உள்ள கறுப்புப் புள்ளியெல்லாம் பொறவியிலயே வந்ததாம்.”

“அதுக்காக அப்பா எம்புட்டு அடிச்சாக!”

“செத்துப்போன மனுசன்கிட்ட இனி என்னத்தச் சொல்ல? டாக்டர் அண்ணன் ஒதட்டப் பாத்துட்டுத்தான் குடலுக்குள்ள டியூப் விட்டுப் பாத்தாராம். கட்டி கட்டியா இருந்திருக்கு. எடுத்துட்டாக. விட்டா புத்துநோயா மாறலாமாம்.”

தங்கை அக்கா பக்கம் திரும்பினாள்.

“குடும்பத்து வழியா வருமாம். நம்மளயும் வரச் சொல்றாரு. ஒனக்கும் சின்னதுல அந்தப் புள்ளி இருந்துச்சுல்ல?”

“அது வயசுக்கு வந்த பொறவு மறைஞ்சிருச்சே.”

“மறைஞ்சாலும் பாக்கணுமாம்.”

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்தபோதுதான் தங்கை சொன்னாள்.

“எங்க சின்னவளுக்கும் இருக்குக்கா. அழகு மச்சம்னு தெனமும் கொஞ்சிக்கிட்டு இருக்கேன்.”

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அவளையும் கூட்டிட்டு வா. சேந்தே போவோம்.”