மார்க்கர் ஆடிய ஆட்டம்

— தமுக்கத்துல நடக்கற பிங்பாங் போட்டிக்கு ஒரு கிளப்புக்கு ஒரே ஆள்னு கடுதாசி வந்தாச்சு. அந்த ஒரு ஆள் நான்தான்னு கமிட்டியும் எழுதியாச்சு. இதுல உன் பேரை எங்கேடா சொருகறது, காசிமாயா?

— வக்கீலய்யா மனசு வச்சா முடியும்.

— பந்து பொறுக்கற மார்க்கர் நீ. தினம் சாயங்காலம் என்கிட்ட தோத்துண்டிருக்கே. நேத்திக்கும் தோத்தே.

— தோத்தேங்கய்யா.

— அப்பறம் எந்த மூஞ்சியை வச்சுண்டு கேக்கறே?

— தோக்கத்தானேங்கய்யா என்னைய வேலைக்கு வச்சது.

— என்னது?

— பழைய செக்ரட்டரி ஹாலாஸ்யம் ஐயா சேத்த அன்னைக்கே சொல்லிட்டாக. மெம்பருமாருக மனசு நோகக் கூடாது, சரிக்குச் சரி ஆடிட்டுக் கடைசியில விட்டுரணும்னு. பதினோரு வருசமா அம்புட்டுப் பேருகிட்டயும் விட்டுக்கிட்டுத்தேன் வாரேன்.

— இந்த ராஜாராமன்கிட்டயுமா?

— ஒங்ககிட்டத்தேன் கூடுதலா. நீங்கதானே தெனம் வாரீக.

— சீ. ஊர் பூரா சாம்பியன்னு சொல்லிண்டு திரிஞ்சேனே. இதை ஏண்டா இன்னிக்கு வந்து சொல்றே?

— இந்த வருசம் கலெக்டர் தொரை கையால கப்பு குடுக்குறாகளாம். போலீசு கைரேகைப் பட்டியல்ல எம்பேரு இருக்குறது அய்யாவுக்குத் தெரியும். ஒரு களவும் செஞ்சதில்ல. பொறந்த சாதிக்காக, மீசை மொளச்ச நாள்லருந்து ராவானா ஸ்டேசன் வராந்தாவுலதேன் படுக்கை.

— பேரை எடுக்கச் சொல்லி மூணு மனு எழுதிக் குடுத்தேனே.

— மூணும் திரும்பி வந்துருச்சு. கப்பு குடுக்குற கையி எம்பேரையும் அடிச்சு விட்டுறாதான்னு ஒரு நப்பாசை. வீட்டுல எம் பொஞ்சாதி செல்லத்தாய்க்கு இது ஏழாம் மாசம். மூத்தது பொறந்து செத்த அன்னைக்கு நான் ஸ்டேசன்ல கெடந்தேன். தூக்கிப் புதைக்கக்கூட விடியட்டும்னுட்டாக. இதுக்காச்சும் நான் பக்கத்துல இருக்கணுங்கய்யா.

— சரி, மட்டையை எடு. ஒரே ஒரு ஆட்டம். என்னை நிஜமா ஜெயிச்சுடு, என் பேரை அடிச்சுட்டு உன் பேரை எழுதறேன். நீ தோத்தா போட்டிக்கு நானே போறேன்.

— நெசமாவாங்கய்யா?

— கோர்ட்டுல பொய் சொல்லுவேன், இங்கே சொல்ல மாட்டேன். போடு சர்வீஸை.

— ஒண்ணுக்கு சைபருங்க.

— ம். அடுத்தது.

— அஞ்சுக்கு ஒண்ணுங்க.

— பாவி, இந்த அடியை எங்கேடா ஒளிச்சு வச்சிருந்தே? பந்தே கண்ணுல படலையே.

— நீங்கள்லாம் கோர்ட்டுக்குப் போன நேரத்துல செவுத்துல அடிச்சுப் பழகுனது.

— எனக்கு மூச்சு வாங்கறது. எவ்வளவு ஆச்சு?

— எனக்குப் பதினெட்டு, ஒங்களுக்கு எட்டுங்க.

— இன்னும் மூணே பாயிண்ட். இனிஷியல் என்ன போடட்டும்?

— வி-ன்னு போடுங்க. அய்யன் பேரு விருமாண்டி.

— சரி, அடி.

— வலையில விழுந்துருச்சு. ஒங்களுக்கு ஒம்பது.

— பரவாயில்லை, ஆடு.

— வெளிய போயிருச்சுங்க. பத்து.

— பாத்து அடிடா.

— பதினாறுங்கய்யா.

— என்னடா இது, சும்மா தூக்கிப் போடறதையெல்லாம் வலையில கொண்டு தள்றே? கொஞ்சம் தண்ணி குடி.

— வேணாங்க. போடுங்க.

— இருபது. இதையாவது எடுடா.

— இருவத்தொண்ணுங்க. ஆட்டம் ஒங்களுது.

— வை மட்டையை. பயந்துட்டே, இல்லையா? ஜெயிச்சா வேலை போயிடும்னு விட்டுக் குடுத்துட்டே. நான் அவ்வளவு கெட்டவன் இல்லைடா. அந்தப் பதினெட்டைப் பாத்தேனே, அது போதும். உன் பேரையே எழுதறேன், போ.

— எழுதாதீகய்யா.

— ஏண்டா?

— இன்னைக்கு நான் விட்டுக் குடுக்கல. செயிக்கத்தேன் ஆடுனேன், கடைசியில விட்டே பழகுன கை கேக்கல.