நலம் விசாரித்தவன்

அந்த நாற்காலி வேண்டாம், டாக்டர். அதன் பின்னங்கால் கொஞ்சம் ஆடும். சரி, உட்கார்ந்துவிட்டீர்கள், இருக்கட்டும். செல்போனை ஜன்னல் ஓரமாக வைத்தால் நான் பேசுவது தெளிவாகப் பதிவாகும். தண்ணீர் லாரி வந்தால் மட்டும் தெருவில் சத்தமாக இருக்கும். தங்கை தையல் கம்பெனியிலிருந்து வரச் சாயங்காலம் ஆகிவிடும், அவசரம் இல்லை.

பாருங்கள், அதற்குள் ரெண்டு தடவை அசைந்து உட்கார்ந்துவிட்டீர்கள். ஆடுகிறது, இல்லையா? ஆடாது, டாக்டர். நானே ஆணி அடித்து இறுக்கிய நாற்காலி அது. பாறை மாதிரி நிற்கும். நான் சொன்னேன், உங்களுக்கு ஆடியது.

நீங்கள் கேட்க வந்தது எனக்குத் தெரியும். உங்கள் ஆய்வில் இருந்த நோயாளி, என் தங்கை புருஷன், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை ஏன் பாதியில் விட்டான்? யார் விடச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நான் ஒரு நாளும் அவனிடம் ‘விடு’ என்று சொன்னதில்லை. ‘சாப்பிடு மாப்ளே’ என்றுதான் சொன்னேன். அதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த வேலையில் கஷ்டமான இடம் அதுதான்.

கிடங்கில் எல்லாரும் அவனை மேஸ்திரி என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். லாரியிலிருந்து மூட்டை இறக்கும் கூட்டத்துக்கு அவன் தலை. அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தன். வயதில் எனக்குச் சின்னவன். பகலில் என் தோளில் மூட்டையை ஏற்றிவிடுவது அவன் கை. ராத்திரி என் தட்டில் விழுவது அவன் வீட்டுச் சோறு. என் பெண்டாட்டி விட்டுப் போன பிறகு இந்த வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே ஆளுக்குக் கீழே இருப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஒருநாள் நடு முதுகில் கொக்கி போட்டு இழுத்த மாதிரி இருந்தது. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, முடியவில்லை என்றேன். மேஸ்திரி வேலையை நிறுத்தச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டான்.

“கேட்டுக்கங்கடா. என் மச்சான் தூக்கறதும் சாக்கு, சொல்றதும் சாக்கு.”

சிரித்தார்கள். வேறு யாரையாவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

“நிஜமா வலிக்குது மாப்ளே.”

“வலியெல்லாம் மனசுல இருக்கு மச்சான். நினைச்சா வலிக்கும், நினைக்காட்டி வலிக்காது. தூக்கு.”

தூக்கினேன். உள்ளே ஏதோ நழுவியது. இனி மூட்டையைத் தொடக்கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளுகிற வேலையை மேஸ்திரியே முதலாளியிடம் பேசி எனக்கு வாங்கிக்கொடுத்தான். வாங்கிக்கொடுத்ததைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியும் காட்டினான். “தொடப்பம் கனமா இருந்தா சொல்லு மச்சான், கூட ஒரு ஆள் போட்டுத் தரேன்.” தங்கை தலை குனிந்துகொண்டு குழம்பு ஊற்றுவாள்.

இதற்காகத்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். படிக்கிறவர்களுக்கு நியாயமாகப் படும்.

அப்புறம் அவன் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். உங்கள் ஆஸ்பத்திரியில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தீர்கள். பிழைத்து வந்தான். வந்தவன் வேறு ஆள். எந்நேரமும் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டிருப்பான். கழிவறைக்குப் போனால் தாழ்ப்பாள் போட மாட்டான். அடுப்படியில் ஒரு தட்டு விழுந்தால் முகம் வெளுத்துவிடும். மாரடைப்பு வந்தவர்களுக்கு மனசும் அடிபடும், அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தால்தான் இதயம் தேறும், அதைத்தான் ஆராய்கிறோம் என்றீர்கள். அவனுக்குக் கோபம். “நெஞ்சு வலின்னு போனா பைத்தியக்கார டாக்டர்கிட்ட தள்ளி விடறாங்க மச்சான்” என்றான். ஆனாலும் வந்தான். பயம் அவ்வளவு. தங்கைக்கு லீவு கிடைக்காது, அதனால் துணைக்கு நான்.

நோயாளிகளைக் கூப்பிட்டு நீங்கள் நடத்திய அந்தக் கூட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீல பிளாஸ்டிக் நாற்காலிகள், மருந்து வாடை, பின்வரிசையில் விடாமல் இருமிய ஒரு கிழவர். நீங்கள் முன்னால் நின்று பழைய ஆராய்ச்சி ஒன்றைக் கதை மாதிரி சொன்னீர்கள். சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு அதே நிறத்தில், அதே அளவில், உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கால் வலி, அசதி, தலைசுற்றல் என்றால், ஒன்றும் இல்லாததைச் சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு அதே வலியைச் சொன்னார்களாம்.

“வெறும் மாவு மாத்திரைங்க அது. அதைச் சாப்பிட்டுட்டு ஒருத்தர், என்னால படி ஏற முடியலைன்னு என்கூட சண்டைக்கு வந்துட்டாரு” என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்காமல் கையைத் தூக்கினான்.

“அப்ப எனக்குக் கொடுத்தது எது டாக்டர்? மாவா, மருந்தா?”

“உங்களுக்கு மருந்துதான். கூட வந்திருக்கற அண்ணனும் கேட்டுக்கங்க. இதை ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டா ஸ்டென்ட்ல ரத்தம் கட்டிக்கும், உயிருக்கே ஆபத்து. இன்னொண்ணு, அங்க வலிக்குதா, இங்க வலிக்குதான்னு அவரைத் தினம் தினம் கேட்டுக்கிட்டே இருக்காதீங்க. கேட்டுக் கேட்டே வர வச்சிருவீங்க.”

நல்ல டாக்டர் நீங்கள். மற்றவர்கள், இந்த மூட்டைக்காரனுக்கு என்ன புரியும் என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் என் முகத்தைப் பார்த்து, எனக்குப் புரிகிற பேச்சில், என்ன செய்தால் இந்த ஆள் சாவான் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

“மூச்சு வாங்குதா மாப்ளே?”

“இல்லையே.”

“சரி சரி. வாங்கினா சொல்லு.”

பஸ் நிறுத்தம் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று நெஞ்சைத் தடவினான்.

சிரமமான வேலை என்று சொல்ல மாட்டேன். மூட்டை ஏற்றிப் பழகியவனுக்கு இது வரும். ஒரேயடியாகப் போட்டால் ஆள் உட்கார்ந்துவிடுவான், கூட்டம் கூடிவிடும். தோளை அறிந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் அவனே சுமந்துகொண்டு நடப்பான். அவன் முழங்கைக்குக் கீழே ஒரு கன்றல் இருந்தது. ரத்தம் இளகினால் லேசாக இடித்தாலும் நீலம் பாயும், சகஜம் என்று நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். நான் அந்தக் கையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சட்டைக் கையை மெதுவாக இழுத்து மூடிவிட்டேன். அன்று முழுக்க அவன் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

காலையில் எழுந்ததும், “கை மரத்துப் போச்சா?” சாப்பிட்டு முடித்ததும், “வயிறு எரியுதா?” இல்லை என்றால் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவேன். அந்தப் பெருமூச்சுதான் அவனை அதிகம் படுத்தியது. தங்கைக்குக் கண் கலங்கிவிடும்.

“அவர் உன்னைப் பேசின பேச்சுக்கு வேற யாரா இருந்தாலும் எட்டிக்கூட பாத்திருக்க மாட்டாங்கண்ணே.”

“அதெல்லாம் எதுக்கும்மா இப்ப. நம்ம வீட்டு ஆளு.”

போகப் போகக் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. எழுந்து வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் நிற்காமல் எனக்கு முன்னால் வந்து நிற்பான். என் முகத்தைப் பார்த்துத்தான் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டான். என் வாழ்நாளில் யாரும் என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை, டாக்டர்.

ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். படியில் மூச்சிரைக்க ஏறி வந்தான்.

“மச்சான், உனக்கு முதுகு வலிச்சப்ப நான் நம்பலை. அத்தனை பேரு முன்னாடி கேவலப்படுத்திட்டேன். உள்ள வலிக்கிறது வெளிய ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு இப்பத்தான் தெரியுது. மன்னிச்சிரு.”

அழுதான். பெரிய உடம்புக்காரன் அழுதால் பார்க்கச் சங்கடமாக இருக்கும். தோளில் கை போட்டேன்.

அத்தோடு விட்டிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மன்னித்தும் விட்டேன், அது பொய் இல்லை. மன்னித்துவிட்டு, தோளில் போட்ட கையை எடுக்காமலே, “விடு மாப்ளே” என்றேன். “ஆமா, ஏன் உன் உதடு ஒரு மாதிரி கறுத்திருக்கு?” வாயில் தானாக வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் அவனே சொன்னான். “வியாதி என்னைக் கொல்லலை மச்சான். இந்த மாத்திரைதான் என்னைத் தின்னுது.”

“டாக்டர் பேச்சை மீறாதே மாப்ளே. தாங்கற வரைக்கும் சாப்பிடு.”

தாங்குகிற வரைக்கும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் சேர்த்தேன். மற்றதெல்லாம் நீங்கள் சொன்னதுதான்.

விட்டுவிட்டான். தங்கை கொடுக்கும்போது வாயில் போட்டு, நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டு, முகம் கழுவுகிற சாக்கில் போய்ச் சாக்கடையில் துப்பிவிடுவான். என்னிடம் மட்டும் சொன்னான். “உன் தங்கச்சிகிட்ட சொல்லிராதே, அவ ஊரைக் கூட்டிருவா.” நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன் நான்.

விட்டதும் அவனுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? தேறிவிட்டான். மூச்சிரைப்பு போயிற்று, கால் வலி போயிற்று. நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன், அதற்கு இனி வேலை இல்லை. நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான், பழையபடி என் துடைப்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். “பாத்தியா மச்சான், அந்த விஷத்தை நிறுத்தினதும் ஆளு எப்படி ஆயிட்டேன்” என்று தொடையைத் தட்டிக் காட்டினான். உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள்தான் சொல்லியிருந்தீர்களே.

ஒரு காலை நேரம், யாரிடமும் சொல்லாமல் கிடங்குக்கு வந்து நின்றான். ஆட்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“டேய், எவன்டா என்னை நோயாளின்னு சொன்னது? ஒரு மூட்டையை ஏத்துங்கடா.”

“வேணாம் மேஸ்திரி, சும்மா உக்காந்து பாருங்க போதும்.”

“பொண்டாட்டிகூட இப்படி கெஞ்சலைடா. ஏத்து.”

அவர்கள் தயங்கினார்கள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பழக்கம் போகவில்லை. “என்ன மச்சான், தூக்கட்டுமா?”

மொத்தக் கிடங்கும் என்னைப் பார்த்தது. நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தேன்.

“முகம் நல்லாத்தான் இருக்கு மாப்ளே” என்றேன்.

நோயில் விழுந்த பிறகு அவன் உடம்பைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. குழந்தை மாதிரி சிரித்தான். மூட்டையோடு நாலு எட்டு வைத்தான். அப்புறம் மூட்டை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த சின்ன டாக்டர், மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்டார். “என் கையாலதான் சார் கொடுத்தேன், ஒரு வேளை தவறலை” என்று தங்கை சத்தியம் செய்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவன் ரத்தத்தில் மருந்தே இல்லை என்று நீங்கள் கண்டுபிடித்தது அப்புறம்தான். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு ஏதாவது செய்து பார்த்திருப்பார்களோ என்னவோ. உயிர் அப்போது இருந்தது. நான் சொல்லவில்லை.

ஆகவே, நான்தான். அவனைக் கொன்றது நான். சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. இதை நீங்கள் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லுங்கள், ‘உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டுக் கேட்டே ஆளைக் கொன்னுட்டான் சார்’ என்று. இன்ஸ்பெக்டர் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். அப்புறம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு சுமையை இரண்டு பேர் தூக்கினால் இரண்டு பேர் தோளிலும்தான் தழும்பு இருக்க வேண்டும். என் பங்கை நான் தூக்கிவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள்.

நீங்கள் ஏன் வாசலைப் பார்க்கிறீர்கள் என்று புரிகிறது. தங்கையை நினைத்துத்தானே? அவன் போன பிறகு அவள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீங்கள்தான் கூப்பிட்டுப் பேசி மனசுக்கு மாத்திரை கொடுத்தீர்கள். நல்ல மாத்திரை. இப்போது தூங்குகிறாள். கம்பெனியில் சிரித்துப் பேசுகிறாளாம். போன வாரம் என்னிடம், “கம்பெனி ஹாஸ்டல்ல இடம் தராங்கண்ணே. இந்த வீட்டைக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன். நீயும் உனக்குன்னு ஒரு இடம் பாத்துக்கோ” என்றாள். நல்லது போம்மா என்றேன். எனக்கு அவள்மேல் வருத்தம் எதுவும் இல்லை. அவள் என் ரத்தம். அவளுக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்க மாட்டேன், அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். அவள் மாத்திரை போட்டுக்கொள்ளும்போது நான் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நேற்று மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவளாகத்தான் கேட்டாள்.

“ஏண்ணே அப்படிப் பாக்கறே? என் மூஞ்சி வீங்கியிருக்கா?”

“இல்லையேம்மா” என்றேன். உடனே சொல்லவில்லை, கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அக்கறை இருக்கிறவன் அப்படித்தானே சொல்லுவான்.