மணி ஓய்ந்த பிறகு

எங்கள் ஹோட்டல் வரவேற்பறையில் இருக்கும் சுரங்க மணி அன்று நான்கு மணி நேரம் விட்டு விட்டு அடித்தது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அடிப்பதற்காகத்தான் அது இருக்கிறது.

சுரங்க முதலாளி தன் விருந்தாளிகளுக்காகச் சுரங்க வாயின் மேலேயே கட்டிய மாளிகை இது. நாற்பது அறைகள், பளிங்குப் படிகள். தாது தீர்ந்ததும் அவர் போய்விட்டார். அப்பா எடுத்து நடத்தினார். சுரங்கத்துக்குள் மேசை போட்டுத் தேநீர் கொடுப்பதுதான் எங்கள் சிறப்பு. லிஃப்டை மேலிருந்துதான் இயக்க முடியும். மேலே வர விரும்புகிறவர்கள் கீழே கயிற்றை இழுப்பார்கள். இங்கே மணி அடிக்கும். விளையாட்டாக இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் அப்பா ஒரு விதி வைத்திருந்தார்: அடிக்கும்போது ஓடாதே, ஓய்ந்த பிறகு லிஃப்டை இறக்கு.

அக்காவின் கணவர் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி. முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னார்.

“மாமா, கீழ சுவத்துல கை நுழையற அளவுக்கு வெடிப்பு. நாளைக்கு இன்னொரு தடவ பாத்துட்டு எழுதிக் குடுத்துடுவேன். மூடித்தான் ஆகணும்.”

“அப்ப என்னையும் உள்ள வெச்சே மூடிடுங்க மாப்ள.”

அக்கா மட்டும் சிரித்தாள். அத்தான், வேதியியல் படித்த என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லேன், கெமிஸ்ட்ரி. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றினேன். வெடிப்பு எனக்கும் தெரியும். ஒரு வருடமாக அதற்கு முன்னால் பூந்தொட்டி வைத்து வந்தவள் நான்.

மறுநாள் காலை அவரை நான்தான் இறக்கினேன். “சீக்கிரம் ஏத்திடு. உங்கக்கா சாப்பிடாம உக்காந்திருப்பா,” என்றார்.

பிறகு மணி அடித்தது. நான் போர்வைகளை மடித்தேன். ஓய்ந்த பிறகு, விதிப்படி, லிஃப்டை இறக்கினேன். ஒரு கோப்பைத் தேநீரும் வைத்து அனுப்பினேன். கோப்பை நிறைந்தபடியே திரும்பி வந்தது.

விருந்தினர்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்ததாக நேற்று சொன்னேன், இன்ஸ்பெக்டர். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். சுரங்கத்துக்குள் காற்று அனுப்பும் விசிறி ஏன் நின்றிருந்தது என்று இன்று கேட்கிறீர்கள். அதற்கும் அப்பாவின் விதி உண்டு. விருந்தினர் இல்லாத நாளில் விசிறி ஓடக் கூடாது, மின்சாரம் வீண். பத்து மணிக்கு நிறுத்தினேன். காற்று ஓடாத அறையில் ஒருவர் எவ்வளவு நேரம் மூச்சு விடலாம் என்பது என் படிப்பில் சாதாரணக் கணக்கு.

எப்படியும் ஹோட்டலுக்குச் சீல் வைத்துவிட்டீர்கள். அப்பா வெளிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா இப்போது யாரோடும் பேசுவதில்லை, என்னைப் போல.

இரண்டு விதிகளையும் நான் மீறவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்கிறீர்கள். சரி.

அன்று ஹோட்டலில் விருந்தினர் யாரும் இல்லை. மணியை அடித்தது அத்தான் என்று முதல் அடியிலேயே எனக்குத் தெரியும்.