டேப்பின் அந்த முனை

விடியக்காலை நாலு பத்து. ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பூட்டின கேட்டுகள். நாய்கூட இல்லை. அந்த ரோட்டில் ஒருவர் நடந்து போகிறார்... கையில் டார்ச், தோளில் நூறடி டேப், சட்டைப் பையில் நோட்டு. திருடப் போகிற ஆள் மாதிரி இருக்கிறதா? இல்லை. சட்டத்தை நிலைநாட்டப் போகிறார்.

சிரிக்காதீர்கள். விளக்கை அணைக்கச் சொன்னது நீங்கள்தான்.

எங்கள் ஆபீஸ் கேஷியரின் பெரியப்பா அவர். கேஷியர் பொய் சொல்கிற ஆள் இல்லை, அதற்கு வேண்டிய கற்பனை அவரிடம் கிடையாது. பெரியப்பா வீட்டு வாசலில் ஆறு வரிப் பெயர்ப்பலகை. வகித்த பதவிகளெல்லாம் கொட்டை எழுத்தில். 'ஓய்வு' என்ற சொல் மட்டும் எறும்பு அளவு. இப்போது ஏரிக்கரை குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் உறுப்பினர்கள் ஒன்பது, பதவிகள் ஏழு. பாக்கி இரண்டு பேர் சந்தா கட்டாதவர்கள்.

பக்கத்து இடம் படகுக் கொட்டகை. வாத்துத் தலை வைத்த ஆறு மிதி படகு. புருஷன் படகு ஓட்ட, மனைவி டிக்கெட் கிழிக்க, இருபது வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு அதுதான் சோறு. தலைவருக்கோ அந்த வாத்துகளைப் பார்த்தாலே பித்தம் தலைக்கேறும். காலையில் ஜன்னலைத் திறந்தால் ஆறு வாத்தும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறதாம்.

மனு மேல் மனு. கொட்டகையை வரிப் பட்டியலில் 'வணிகக் கட்டடம்' ஆக்கினார், வரி நாலு மடங்கு ஏறியது. அவருடைய மாடி அறை? ஏசி, கட்டில், பளிங்குத் தரை எல்லாம் உண்டு. வரிப் புத்தகத்தில் அது 'தண்ணீர்த் தொட்டி அறை'. மனிதர் வசிக்காத இடம். அதில்தான் தலைவர் தூங்குவார்.

கடைசியில் ஒரு விதி கிடைத்தது. தண்ணீர் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் முப்பது அடி இருக்க வேண்டும். குறைந்தால் கொட்டகைக்குச் சீல்.

பதினொரு தடவை அளந்தார்கள். தண்ணீர்ப் பக்கம் தலைவர். சுவர்ப் பக்கம், டேப்பின் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, படகுக்கு அடித்த வார்னிஷ் வாசனையோடு படகுக்காரர்.

"ஏய் படகு, ஒழுங்காப் பிடிய்யா!"

"நீங்க இழுத்துப் பிடிங்க சார். தொய்வா இருந்தா டேப் பொய் சொல்லும்."

கவனியுங்கள். தொய்வாக விட்டால் அளவு கூடும், படகுக்காரருக்குத்தான் லாபம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னார். ஒவ்வொரு தடவையும் முப்பது அடிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது.

பன்னிரண்டாவது அளவுக்கு அவர் இல்லை. வரி ஆபீஸ் பெஞ்சில் டோக்கனோடு காத்திருந்தார். நம்பரை மூன்று முறை கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை... உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

துக்கம் விசாரிக்கத் தலைவரும் போனார். போன இடத்தில், வெளியே போட்டிருந்த நாற்காலிகள் ரோட்டுக்குள் எத்தனை அடி வந்திருக்கின்றன என்று நடந்து எண்ணினார். படகுக்காரரின் மனைவி, அந்தம்மா, அதைப் பார்த்துவிட்டாள்.

"அளந்தாச்சா தலைவரே? இல்ல, அவரை எழுப்பி அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லட்டுமா?" என்றாள்.

அவள் கடுப்பில் சொன்னது அது...

சரி, நாலு பத்துக்கு வருவோம். அந்த ஏரியின் மதகை ராத்திரி அடைத்துவிடுவார்கள். விடியக்காலை நாலரைக்குத் தண்ணீர் முழுசாக ஏறி நிற்கும். அப்போது அளந்தால் முப்பதுக்குக் கீழே வரும் என்று தலைவர் கணக்கு. திங்கட்கிழமை விசாரணை. கூட வரச் சொல்லிச் செயலாளரைக் கூப்பிட்டதற்கு, "நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தா என் பெண்டாட்டியே என்னைப் பேய்னு அடிச்சிடுவா தலைவரே" என்று போனை வைத்துவிட்டார்.

தனியாகப் போனார். வாத்துகள் சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தன. கிரீச்... கிரீச்... ஈரக் கயிறு நாற்றம். சுவரில் முழங்கால் உயரத்தில் ஓர் ஆணி. டேப்பின் வளையத்தை அதில் மாட்டிவிட்டுத் தண்ணீர்வரை பின்பக்கமாகவே நடந்தார். இழுத்தார். வளையம் கழன்று விழுந்தது. திரும்பப் போய் மாட்டினார். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை இழுக்கப் பயந்துகொண்டு நின்றார்... டேப் தரையில் தொய்ந்து கிடந்தது.

மெதுவாக எழுந்தது.

டங் என்று விறைத்தது.

வேறு யாராவது என்றால் அங்கேயே உயிர் போயிருக்கும். தலைவருக்குக் கோபம்தான் வந்தது. அந்தம்மா எழுந்து வந்து பிடித்திருக்கிறாள், முன்னறிவிப்பு இல்லாமல் எதிர்த்தரப்பு டேப்பைத் தொடலாமா? டார்ச்சை டேப்பின் மேல் அடித்துப் படித்தார். முப்பது அடி மூன்று அங்குலம். ஏறின தண்ணீரிலும்!

நோட்டை எடுத்தார். 'இருபத்தொன்பதரை' என்று எழுதினார்.

சுண்டி ஓர் இழுப்பு. டேப் பெட்டி கையைவிட்டுப் போகப் பார்த்தது.

அப்போதுதான் டார்ச்சைச் சுவருக்குத் திருப்பினார். ஆணி காலியாக இருந்தது. வளையம் அதற்கு மேலே... நெஞ்சு உயரத்தில். வெறும் காற்றில்.

ஓடினார். செருப்பு எங்கேயோ, டார்ச் எங்கேயோ. டேப்பை மட்டும் விடவில்லை, சங்கத்துச் சொத்து, கையெழுத்துப் போட்டு வாங்கியது. வீட்டுக்குள் பாய்ந்து கதவைத் தாழ் போட்டுச் சுவரோடு சாய்ந்தார். வீட்டுக்கும் கொட்டகைக்கும் இருநூற்றுப் பத்து அடி. அவரே அளந்து மனுவில் எழுதியது. கையில் இருப்பதோ நூறடி டேப்.

கீழே பார்த்தார். டேப் கதவு இடுக்கு வழியாக வெளியே போயிருந்தது. விறைப்பாக.

டேப் பெட்டியின் கைப்பிடி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. டிக்... டிக்... டிக்... அறுபது. ஐம்பது. நாற்பது. ஈரமாக உள்ளே வந்துகொண்டே இருந்தது. வார்னிஷ் வாசனை. முப்பத்தைந்து...

முப்பது அடி மூன்று அங்குலத்தில் நின்றது.

அதற்கு மேல் ஓர் அங்குலம் வரவில்லை. விதிப்படி.

விடிந்ததும் கதவைத் திறந்தார். கேட்டுப் பக்கத்தில் வளையம் கிடந்தது. அதன் பக்கத்தில் இரண்டு பாதம் அளவுக்கு ஈரம். மதியம் வெயில் கொளுத்தியும் அது காயவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அந்தம்மா காலில் விழுவீர்கள். தலைவர் திங்கட்கிழமை சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனார்.

"இருபத்தொன்பதரை" என்றார்.

அதிகாரி கேட்டார்: "அந்த முனையை யார் பிடிச்சது?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர், பக்கத்தில் நின்றவர், "நான்தான் சார்" என்று கையெழுத்துப் போட்டார். தூங்கிக்கொண்டிருந்த மனுஷன்!

அந்தம்மா கத்தவில்லை. "அந்த முனையை யார் பிடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும் சார்" என்றாள். அவ்வளவுதான். சாயங்காலமே கொட்டகைக்குச் சீல். ஆறு வாத்தும் கரையில் கவிழ்ந்து கிடந்தன.

அன்றைக்கு ராத்திரி ஈரம் கேட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து தலைவர் அளந்தார். சரியாக இருபத்தொன்பதரை. அவர் விசாரணையில் சொன்ன அளவு.

மறுநாள் இருபத்தெட்டு. அதற்கடுத்து இருபத்தாறே கால். வாசப்படி. கூடம். மாடிப்படி.

போன ஞாயிற்றுக்கிழமை கேஷியர் பார்க்கப் போனார். தண்ணீர்த் தொட்டி அறையில் டியூப்லைட் எரிய, பெரியப்பா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்து, கழுத்துக் காலர் தொளதொளவென்று. அறையெல்லாம் வார்னிஷ் வாசனை.

"பெயின்ட் அடிச்சீங்களா பெரியப்பா?"

"இல்லடா."

எல்லாவற்றையும் சொன்னார். கேஷியர் தன் நாற்காலியிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டு, "மனுவை வாபஸ் வாங்கிடுங்க. அந்தம்மாவுக்குச் சாவி கிடைக்கட்டும். ஒரே ஒரு கடுதாசிதானே?" என்றார்.

"பொய்யா அளந்தேன்னு எழுதிக் கொடுக்கவா? வாசல்ல பலகையைப் படிச்சேல்ல? ஒரு தலைவர் எழுதுற கடுதாசியாடா அது?"

சொல்லிவிட்டுத் தலையணைக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்தார். "டைம் ஆச்சு" என்று நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, டேப்பை நீளமாக உருவித் தரையில் விட்டார். வயசான மனுஷன் குனிந்து கஷ்டப்படுகிறாரே என்று கேஷியர் முனையைப் பிடிக்க எழுந்தார்.

"நீ உட்காரு. ஆள் இருக்கு."

கேஷியர் உட்கார்ந்தார்.

பெரியப்பா வெறும் தரையைப் பார்த்தார். வாழ்நாளில் யாரிடமும் பேசாத குரலில், "கொஞ்சம்... இழுத்துப் பிடிங்க" என்றார்.

டேப் தரையைவிட்டு எழுந்தது. விறைத்தது. வளையத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஆறே முக்கால்" என்று பெரியப்பா நோட்டில் எழுதிக்கொண்டார்.

கேஷியரின் நாற்காலி கட்டிலிலிருந்து ஏழடியில் இருந்தது.